ஹோம்ஸ்கூல் பசங்க அஞ்சு பேர், வயசு 7ல இருந்து 12 வரை, இங்கிலீஷ் கிளாஸ் எப்படி நடத்துறது?

கோவை அம்மா:
வணக்கம், எங்க ஏரியால ஹோம்ஸ்கூல் பண்ற சில வீட்டுக்காரங்க சேர்ந்து வாரத்துல ரெண்டு நாள் மதியம் பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர முடியுமான்னு என்கிட்ட கேட்டிருக்காங்க, என் பொண்ணையும் சேர்த்து அஞ்சு பேர். சின்னவனுக்கு 7 வயசு, இப்பதான் எழுத்துக்கூட்டி படிக்கிறான். பெரியவளுக்கு 12, கதை புக்கெல்லாம் தானாவே முடிச்சிடுவா, ஆனா வாயத் தொறந்து ரெண்டு வரி பேச மாட்டா. ஒருத்தருக்கு சொல்லித்தரும்போது மத்தவங்க நெளியுறாங்க. கிராமர் புக் ஒண்ணு வாங்கி வரிசையா போயிடட்டுமா, இல்ல ரெண்டு பேட்சா பிரிச்சிடட்டுமா? ஒரு அப்பா வேற, பசங்க பத்தாவது பரீட்சைய என்ஐஓஎஸ்ல (ஸ்கூலுக்குப் போகாம எழுதுற தேசிய திறந்தநிலைப் பள்ளி) எழுதணும், இப்பவே அதுக்கு ரெடி பண்ணுங்கன்றார்.

ரிட்டயர்டு டீச்சர், மதுரை:
பிரிக்காதீங்கம்மா. கதை கேக்குறது, பேசுறது, விளையாடுறது எல்லாம் ஒண்ணாவே இருக்கட்டும், எழுத்துக்கூட்டி படிக்கிறத மட்டும் சின்னவனுக்கு தனியா பத்து நிமிஷம் வச்சுக்கோங்க, அந்த நேரம் மத்தவங்க எழுதட்டும். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ல கதைங்க இலவசம், லெவல் 1ல இருந்து 4 வரை பிரிச்சு வச்சிருக்காங்க, நிறைய கதை தமிழ்லயும் இருக்கு. ஒரு கதைய நீங்க சத்தமா படிங்க, சின்னவன் படம் வரைஞ்சு பேர் எழுதட்டும், நடுவுல இருக்கறவங்க வாயால திருப்பி சொல்லட்டும், பெரியவ அதே கதைய அதுல வர்ற ஒருத்தர் எழுதுற லெட்டர் மாதிரி எழுதட்டும்.

அப்புறம் ஓடி டிக்டேஷன் செஞ்சு பாருங்க. கதைல இருந்து நாலு வரி பேப்பர்ல எழுதி கிச்சன் செவுத்துல ஒட்டிடுங்க, ஜோடில ஒருத்தர் ஓடிப்போய் ஒரு வரி படிச்சு மனசுல வச்சுக்கிட்டு வந்து சொல்லணும், இன்னொருத்தர் ஹால்ல உக்காந்து எழுதணும், கத்தி சொல்லக் கூடாது. பாதி வழில மறந்துட்டு திரும்ப ஓடுவாங்க பாருங்க, ஸ்பெல்லிங், கேக்குறது, பேசுறது மூணும் அதுலயே வந்துடும். அஞ்சு பேர்னா ஒரு ஜோடில மூணு பேர் போட்டுக்கலாம்.

திருச்சி ஹோம்ஸ்கூலர்:
கிராமர் புக்க முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க சிஸ்டர், நம்ம பசங்க விடுற தப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "ஹி டாக்டர்"னு இஸ்ஸ விட்டுடுவாங்க, ஏன்னா தமிழ்ல "அவர் டாக்டர்"னாலே போதும். "டிடன்ட் வென்ட்", "ஒய் யூ ஆர் கமிங்" இதெல்லாமும் எல்லா வீட்லயும் கேக்கும். பேசிட்டு இருக்கும்போது நிறுத்தி திருத்தினா அதோட வாய மூடிப்பாங்க, அதனால ஒரு நோட்ல குறிச்சு வச்சு அடுத்த கிளாஸ்ல ஒரே ஒரு தப்ப மட்டும் எடுத்து அத வச்சு கேம் ஆடுங்க. அதுதான் உங்க கிராமர் சிலபஸ்.

என்ஐஓஎஸ் பேரன்ட்:
பத்தாவது எழுத 14 வயசு ஆகணும், இப்ப என்ன அவசரம்? இங்கிலீஷ் கோட் 202, தியரி போக டிஎம்ஏ அசைன்மென்ட்டுக்கு (வீட்ல எழுதிக் குடுத்து டீச்சர் மார்க் போடுறது) 20 சதவீதம், பாஸுக்கு 33 சதவீதம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ எக்ஸாம் இருக்கு. பாடம் எல்லாம் அவங்க சைட்லயே ஃப்ரீயா இருக்கு, அந்த அப்பாவ ஒரு தடவ பாத்துட்டு வர சொல்லுங்க. ஒரு பத்திய படிச்சு புரிஞ்சுக்கிட்டு சொந்தமா எழுத வந்துட்டா அந்த பேப்பர் பெரிய விஷயமே இல்ல, அதுக்கு இப்ப தேவை நிறைய படிக்கிறதுதான்.

கோவை அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த 12 வயசு பொண்ண எப்படி பேச வைக்கிறது டீச்சர்?

ரிட்டயர்டு டீச்சர், மதுரை:
எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு பேசுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சின்னவனுக்கு தினம் ஒரு படக்கதை படிச்சுக் காட்டுற வேலைய அவகிட்ட குடுங்க, நீங்க பக்கத்துல நிக்க வேணாம். அவன் சும்மா இருக்க மாட்டான், இது என்ன அது ஏன்னு கேட்டுட்டே இருப்பான், பதில் சொல்லித்தான் ஆகணும்.