மாரிக்கு முன்னம் டெங்கு நுளம்பு ஒழிப்பு வேலை: 120 வீட்டுக் கிராமத்தில எங்க தொடங்கிறது?

சங்கக்கொப்பி:
கிளிநொச்சிப் பக்கம், இரணைமடு வாய்க்கால் ஓடுற கிராமம். 120 வீடு. பாதி வீட்டில கிணறு, மற்றவைக்கு பவுசர்த் தண்ணி. எல்லா வீட்டிலும் தண்ணிப் பரல் இருக்கு, கொஞ்ச வீட்டில மழைநீர்த் தொட்டியும் இருக்கு. ஆளில்லாத வளவு ஏழெட்டு. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து ஒரு சிரமதானம் வைக்க யோசிக்கினம். சிலர் "சுத்திவர வயலும் வாய்க்காலும், இதுக்குள்ள நுளம்பை ஒழிக்கேலுமோ, புகை அடிக்கச் சொல்லிக் கேளுங்கோ" எண்டு நிக்கினம். என்ன செய்தால் பலன் இருக்கும்? ஆளும் நேரமும் எவ்வளவு தேவை?

பரல்மூடி:
வயல் கதையை முதல்ல விடுங்கோ. வயல் நுளம்பும் டெங்கு நுளம்பும் வேற வேற. வயலில பெருகிறது பெரும்பாலும் கியூலெக்சும் அனோபிலிசும். டெங்கைக் காவுற ஈடிஸ் வீட்டையும் வளவையும் சுத்தியிருக்கிற சின்னப் பாத்திரத் தண்ணியில முட்டையிடும். பிறந்த இடத்தில இருந்து சாதாரணமாக 100, 200 மீற்றருக்குள்ளதான் சுத்தித் திரியும். உங்களைக் கடிக்கிறது உங்கட பரலில, இல்லாட்டி பக்கத்து வளவில பிறந்ததுதான்.

புகை அப்ப பறந்து திரியிற நுளம்பைத்தான் கொல்லும். முட்டைக்கும் குடம்பிக்கும் (தண்ணிக்குள்ள நெளியிற நுளம்புப் புழு) ஒண்டும் செய்யாது. ஈடிஸ் கட்டிலுக்குக் கீழயும் தொங்குற உடுப்புக்குப் பின்னாலயும் ஒளிஞ்சிருக்கும். கதவு யன்னலைப் பூட்டிப்போட்டு முற்றத்தில புகை அடிச்சால் அதுக்குப் படாது. நோயாளி கண்ட இடத்தைச் சுத்தி அவசரத்துக்கு அடிக்கிற மருந்து அது, ஒரு கிழமையில புது நுளம்பு வந்திடும்.

ஒருநாள் சிரமதானத்துக்கும் இதே குறைதான். முட்டையில இருந்து பறக்கிற நுளம்பாக 7 தொடக்கம் 10 நாள் போதும். அதால கிழமைக்கு ஒருக்கா, ஒரே நாளில, ஒவ்வொரு வீடும் தண்ணிப் பாத்திரங்களைப் பாக்கவேணும். மழை விழ முன்னம், செப்ரெம்பரிலயே தொடங்குங்கோ. கோடையில காய்ஞ்ச பாத்திரத்தின்ர சுவரில ஒட்டின முட்டை மாதக் கணக்கில சாகாமல் கிடக்கும். ஐப்பசி மழை பட்டவுடன பொரிக்கும்.

கணக்கு இப்படி வையுங்கோ. ஒரு வீட்டுக்கு 12 நிமிடம். ரெண்டு பேர் சோடிக்கு 10 வீடு, அது ரெண்டு மணித்தியாலம். 120 வீட்டுக்கு 12 சோடி, 24 பேர். ஒரு சோடிக்கு 20 வீடு குடுத்தீங்களெண்டால் பின்பாதி வீடுகளை வாசலில நிண்டு எட்டிப் பாத்துப்போட்டுப் போவினம். சோடிக்கு ஒரு ரோச், ஒரு வெள்ளைக் கரண்டி (குடம்பி வெள்ளையிலதான் தெரியும்), ஒரு தும்புத் தூரிகை, ஒரு கொப்பி.

பரலுக்குள்ள ரோச் அடிச்சவுடன குடம்பி கீழ ஓடிடும். ஒரு நிமிடம் பொறுங்கோ, மூச்சுக்கு மேல வரும். தண்ணி மட்டத்துக்குச் சமாந்தரமாகப் படுத்துக் கிடந்தால் அனோபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் ஈடிஸ் அல்லது கியூலெக்ஸ். மூச்சுக்குழாய் கட்டையாக இருந்தால் ஈடிஸ், நீளமாக இருந்தால் கியூலெக்ஸ்.

தண்ணியை ஊத்தினால் மட்டும் காணாது. முட்டை தண்ணி மட்டத்துக்குச் சற்று மேல, உள்சுவரில ஒட்டியிருக்கும். உரஞ்சிக் கழுவவேணும். குடம்பித் தண்ணியைக் காய்ஞ்ச மணலில ஊத்துங்கோ. வாய்க்காலுக்குள்ள ஊத்தினால் தப்பிற குடம்பியும் இருக்கும்.

200 லீற்றர் பரலை நெடுகக் கவிழ்க்கேலாது, பவுசர் எப்ப வருமெண்டு தெரியாத ஊரில ஆரும் தண்ணியை ஊத்த மாட்டினம். அதுக்கு நுளம்பு வலை. வாய் சுமார் 60 சென்ரிமீற்றர், வலை 90 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டுங்கோ. பழைய சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டி இறுக்கிக் கட்டலாம். வலை தொய்ஞ்சு தண்ணியில முட்டக்கூடாது, முட்டினால் அதிலயே முட்டையிடும். மழைநீர்த் தொட்டியில மூடியை மட்டும் பாக்கிறவைதான் கூட. மேலதிகத் தண்ணி போற குழாயின்ர வாயும் திறந்துதான் இருக்கும், அதையும் வலையால கட்டுங்கோ. பெருமழைக்குப் பிறகு வலையில சருகு அடைக்கும், எடுத்துவிடவேணும்.

மாதர்சங்க அக்கா:
பரல் போக, வீட்டுக்காரருக்கே தெரியாத இடங்கள்: பிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு, அலுமாரிக் காலுக்கு எறும்பு வராமல் வைச்ச தண்ணிக் கிண்ணம் (உப்புப் போடுங்கோ), சாமிப்படத்துப் பூச்சாடி, தறப்பாளின்ர மடிப்பு, கூரைப் பீலி, பாவிக்காத மலசலகூடக் குந்து. வளவில சிரட்டை, இளநீர்க் கோம்பை, ரயர், கட்டி முடியாத வீட்டுத்திட்ட வீட்டில அடுக்கி வைச்ச சீமெந்துக் கல்லின்ர ஓட்டை, வேலிக்கு நட்ட இரும்புக் குழாயின்ர மேல்வாய். குழாய்க்குள்ள மணல் நிரப்பிவிட்டால் காணும்.

ஒலிபெருக்கியில "சூழலைச் சுத்தமாக வைத்திருங்கள்" எண்டால் முற்றத்தைக் கூட்டிப்போட்டு இருந்திடுவினம். முற்றம் பளிச்செண்டு இருக்கும், பரலுக்குள்ள குடம்பி நெளியும். "இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு பரலை உரஞ்சுங்கோ, பிரிட்ஜ் தட்டை ஊத்துங்கோ" எண்டு செய்யவேண்டியதைச் சொல்லுங்கோ. அந்த வீட்டிலயே பிடிச்ச குடம்பியை ஒரு கண்ணாடிப் போத்தலில அவைக்கே காட்டுங்கோ. துண்டுப்பிரசுரம் செய்யாத வேலையை அது செய்யும்.

சங்கக்கொப்பி:
நன்றி அண்ணை, அக்கா. ரெண்டு சந்தேகம். ஆளில்லாத வளவுக்குள்ள போகலாமோ? கிணத்துக்கு மீன் விடலாமோ, அல்லது குடம்பியைக் கொல்லுற அபேற் மருந்து போடுறதோ?

பரல்மூடி:
வளவுக்கு நீங்களாகப் பூட்டு உடைச்சுப் போகாதையுங்கோ. நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கவெண்டு 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. காணியைச் சுத்தமாக வைச்சிருக்கிறது சொந்தக்காரர் அல்லது இருப்பவர் பொறுப்பு. அப்படியான வளவுகளின்ர பட்டியலைக் கிராம அலுவலரிட்டயும் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இட்டயும் குடுங்கோ. பற்றை வெட்டப் போனால் இன்னொண்டு: தெரியாத இரும்புப் பொருள் கண்டால், அது போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம், கை வைக்காமல் இடத்தை அடையாளப்படுத்திப்போட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கோ. வன்னியில இதைச் சிரமதான அறிவித்தலிலயே எழுதவேணும்.

அபேற் 1 சதவீத மணல் எண்டால் 10 லீற்றருக்கு 1 கிராம். 200 லீற்றர் பரலுக்கு 20 கிராம். சீலைப் பொட்டளமாகக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணி அள்ளேக்க வெளிய போகாது. ஆனால் கண்மட்டுக்குப் போடாமல், சுகாதாரப் பகுதியினர் அளந்து தந்தபடி போடுங்கோ. மூடக்கூடிய பாத்திரத்துக்கு இது தேவையே இல்லை.

மன்னார்ப்பக்கத்தான்:
கிணத்தைப் பற்றி நான் சொல்லுறன். இலங்கையில உள்ளூரில தொத்தின கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்ரோபரில. 2016 செப்ரெம்பரில உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடெண்டு சான்றிதழ் தந்தது. அதே வருசக் கடைசியில மன்னாரில அனோபிலிஸ் ஸ்ரீபன்சி கண்டுபிடிச்சவை. அது கட்டுக் கிணறு, சீமெந்துத் தொட்டி மாதிரி துப்பரவான தண்ணியில பெருகிற மலேரியா நுளம்பு. அதால "நல்லதண்ணிக் கிணறு, நுளம்பு வராது" எண்டிருக்காதையுங்கோ.

குடம்பியைத் தின்னுற கப்பி மீன் நல்லது. ஆண் பெண் கலந்து பத்து விட்டால் தானாகப் பெருகும். பிழைக்கிற இடம் குளோரின். வெள்ளத்துக்குப் பிறகு கிணத்துக்குக் குளோரின் போட்டால் மீன் எல்லாம் செத்துப்போகும், ஆரும் திருப்பி விடாயினம், ரெண்டு மாதத்தில குடம்பி. போட முன்னம் மீனை வாளியில பிடிச்சு வைச்சு, குளோரின் மணம் முழுக்கப் போனபிறகு விடுங்கோ. குளத்துக்கும் வாய்க்காலுக்கும் கப்பி விடவேண்டாம், ஊர்ச் சின்ன மீனுக்குக் கேடு.

பரல்மூடி:
கடைசியாகக் கொப்பி. கிழமைக்கு மூண்டு எண் காணும்: பாத்த வீடு, குடம்பி கண்ட வீடு, குடம்பி கண்ட பாத்திரம். உதாரணத்துக்கு 120 வீட்டில 9 வீட்டில, 15 பாத்திரத்தில கண்டால் வீட்டுச் சுட்டெண் (நூறு வீட்டில குடம்பி கண்ட வீடு) 7.5, நூறு வீட்டுக்கான பாத்திரச் சுட்டெண் 12.5. பூட்டிக் கிடந்த வீட்டைப் பாத்த வீடாக எழுதினால் எண் பொய்யாகக் குறையும், அதைத் தனியாக எழுதுங்கோ. எந்த வகைப் பாத்திரம் எண்டும் குறியுங்கோ. பதினைஞ்சில பத்துப் பரலெண்டால் அடுத்த கிழமை வலைக்குத்தான் காசு சேர்க்கவேணும், ரயர் அள்ள உழவு மெசின் பிடிக்கத் தேவையில்லை.