ஸ்பால்டட் மேப்பிளில் வான்கோழி அழைப்பான்: சத்தம் மந்தமாகாமல் இருக்க என்ன செய்யலாம்?

உளியும்சீவலும் கேட்டது:
ஸ்பால்டட் மேப்பிள் (பூஞ்சை பிடிச்சுக் கறுப்புக் கோடு விழுந்த மேப்பிள் மரம்) துண்டு ஒண்ணு இருக்கு. 4 இன்ச் சதுரம், ஒண்ணேகால் இன்ச் கனம். கறுப்புக் கோடு அருமையா ஓடியிருக்கு, ஆனா கோடுகளுக்கு நடுவுல வெளுத்த இடங்கள் லேசா மெத்துமெத்துன்னு இருக்கு. இதுல சிலேட் மேல்தட்டு, அதுக்குக் கீழே கண்ணாடி சவுண்ட்போர்டு (ஒலித்தட்டு) வெச்ச பாட் வகை அழைப்பான் கடையணும், அதாவது மேல்தட்டைக் குச்சியால் உரசி வான்கோழிக் குரல் எழுப்புற வட்டக் கிண்ணம். பார்வைக்கு மட்டும் இல்ல, வசந்த கால வேட்டைக்குக் கொண்டுபோக. ரெசின் (மரத்துக்குள்ள ஊறி இறுகுற திரவம்) ஏத்தியே ஆகணுமா, இல்ல சயனோ பசை (சூப்பர் குளூ) போதுமா?

லேத்பட்டறை:
முதல்ல நகத்தால அழுத்திப் பாருங்க. தடம் பதிஞ்சா அந்த இடத்தில் பூஞ்சை மரத்தின் சத்தைத் தின்னுடுச்சுன்னு அர்த்தம். பல பேர் தலைகீழா நினைக்கிறாங்க: கறுப்புக் கோடு கெட்டியான இடம். பூஞ்சைக் கூட்டங்கள் தங்கள் எல்லையில் கட்டுற சுவர் அது. பலவீனம் கோட்டுக்கு நடுவுல இருக்கிற வெளுத்த பகுதியில்தான்.

பாட் அழைப்பானில் அதிர்வைத் தாங்குறது ரெண்டு இடம்: சிலேட் உட்காரும் விளிம்புப் படியும், சவுண்ட்போர்டைத் தாங்கும் நடுத் திட்டும். அந்த ரெண்டும் மெத்துன்னு இருந்தா அதிர்வை மரமே குடிச்சிடும். யெல்ப் (பெட்டை வான்கோழியின் கூவல்) அடிச்சா முன்பாதி வரும், பின்பாதி உடைஞ்சு இறங்குறது கேட்காது. அடிப்பாகம் கொஞ்சம் மென்மையா இருந்தா அவ்வளவு பாதகம் இல்ல.

வெளி விட்டம் 3.5 இன்ச், சிலேட் 3 இன்ச்னா பக்கச் சுவருக்கு மிஞ்சுறது கால் இன்ச்தான். அதுல வெளுத்த பகுதி வந்தா சயனோ பசையை நம்பாதீங்க. அது மேலாக்கத்தான் இறங்கும், அடுத்த சீவலில் அந்தக் கெட்டி போயிடும். நகம் பதியற துண்டுக்கு வாக்குவம் ரெசின்தான் வழி, அதாவது பம்ப்பால் மரத்துக்குள்ள இருக்கிற காத்தை எடுத்துட்டு ரெசினை ஏத்தறது.

ரெசின்கலன்:
ரெசின் ஏத்தறதுல பாதிப் பேர் சறுக்குறது ஈரத்துல. காத்துல காஞ்சது போதாது. 4 இன்ச் அகலத்துக்கு உருட்டா வெட்டி, 220 டிகிரி பாரன்ஹீட்டில் ஒரு நாள் வெச்சு, எடை இனிக் குறையாதுன்னு ஆனதும் காத்துப் புகாத பையில் ஆறவிடுங்க. வெளியில் ஆறவிட்டா காத்துல இருக்கிற ஈரத்தை மறுபடி இழுத்துக்கும். ஈரம் இருக்கிற இடத்தில் ரெசின் நுழையாது, நுழைஞ்சதும் சரியா இறுகாது.

துண்டு மிதக்காம மேல கனம் வெச்சு, ஒரு இன்ச் மூழ்குற அளவு ரெசின் ஊத்தி, குமிழி அடங்கற வரைக்கும் வாக்குவம் ஓட்டணும். பம்ப்பை நிறுத்தி காத்தை உள்ளே விட்டதும், வாக்குவம் ஓடின நேரம் போல ரெண்டு மடங்காவது ஊறணும். ரெசின் உள்ளே போறது இந்த நேரத்தில்தான், இதைச் சுருக்கினா நடுவுல வெறும் மரம் மிஞ்சும். பிறகு வடியவிட்டு, அலுமினியத் தாளில் சுத்தி, 200 டிகிரி பாரன்ஹீட்டில் மரத்தின் நடுப்பகுதியும் அந்தச் சூட்டுக்கு வர்ற வரை வைங்க. சமையல் அடுப்பு வேண்டாம், இதுக்குன்னு தனி டோஸ்டர் அவன் வேணும்.

உளியும்சீவலும்:
ரெசின் ஏறினா சத்தம் பிளாஸ்டிக் மாதிரி ஆகாதா?

லேத்பட்டறை:
கனம் கூடும், சத்தம் கொஞ்சம் கூர்மையாகும். அதனால இடைவெளியை ஒட்டறதுக்கு முன்னாடியே தேடிக்குங்க. மேல்தட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல கால் இன்ச்ல ஆரம்பிச்சு, திட்டு மேல கனமான காகிதம் ஒவ்வொண்ணா அடுக்கி, பசை இல்லாம வெச்சு ஸ்ட்ரைக்கரை (உரசுற குச்சியை) இழுத்துப் பாருங்க. பிடிச்ச இடம் வந்ததும் அளந்து, புதுத் துண்டில் அந்த உயரத்துக்கே திட்டைக் கடையலாம்.

இன்னொண்ணு, உப்புத்தாள். மென்மையான இடம் சீக்கிரம் தேயும், கோடு தேயாது. விரலால் தேய்ச்சா படி அலையலையா ஆகிடும், சிலேட் மூணு இடத்தில் மட்டும் தொட்டு நிக்கும், அங்கதான் ஜிர்ர்னு இரைச்சல் வரும். படியைக் கூரான உளியில் முடிச்சு, உப்புத்தாளே படாம விட்டுடுங்க.

மரநிறம்:
நான் ரெசின் பக்கம் போகமாட்டேன். மேல்பாதி வால்நட் அல்லது செர்ரி, அடிப்பாதி ஸ்பால்டட்னு ரெண்டா ஒட்டிக் கடைஞ்சா படி, திட்டு எல்லாம் கெட்டி மரத்தில் அமைஞ்சிடும், அழகு கைப்பிடியில் தெரியும். ரெண்டு துண்டின் ஈரமும் ஒரே அளவுக்கு, 8 சதவீதம் பக்கம், வந்த பிறகே ஒட்டுங்க.

ஸ்ட்ரைக்கர் முனைக்கு ஸ்பால்டட் ஆகவே ஆகாது. முனை தேய்ஞ்சு பளபளத்தா சிலேட்டில் வழுக்கும். கைப்பிடிக்கு வேணும்னா வைங்க, குச்சிக்கு ஹிக்கரியோ பர்ப்பிள்ஹார்ட்டோ போடுங்க. மூடியை உரசி ஒலி எழுப்புற பாக்ஸ் வகை அழைப்பானிலும் அப்படித்தான், மூடி உரசும் பக்கப் பலகை மெல்லிசு, அங்க மென்மை இருந்தா உதடு (உரசுற மேல் விளிம்பு) சீக்கிரம் மழுங்கும்.

ரெசின்கலன்:
சயனோ பசை தொடுற இடம் எதுவானாலும் முதல்ல மெல்லிசா ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) பூசுங்க, இல்லேன்னா வெள்ளை மரம் மஞ்சளா கறை பிடிக்கும். வெளிப்பூச்சு அடிக்கும்போது சிலேட்டை டேப்பால மூடிடுங்க, ஒரு துளி பட்டாலும் அந்த இடத்தில் ஸ்ட்ரைக்கர் பிடிக்காது. கடையும்போதும் தேய்க்கும்போதும் சாதாரணத் துணி முகமூடி போதாது, பூஞ்சைத் துகளும் மரத்தூளும் சேர்ந்தே பறக்கும். பி100 (நுண்ணிய தூசியையும் தடுக்குற) வடிகட்டி போட்ட ரெஸ்பிரேட்டர் போடுங்க, தூசி உறிஞ்சியையும் ஓடவிடுங்க. ஆஸ்துமா இருக்கிறவங்க இந்த மரத்தைத் தொடாம இருக்கிறதே நல்லது.