பதில்: சிக்னல் பொறியியலில் ‘ஆஃப்செட்’ – ‘பிந்தல்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சிக்னல் பொறியியலில் வரும் ‘ஆஃப்செட்’டுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு இது என் பதில். அறிதிறன் போக்குவரத்துத் துறைக்கு வர விரும்பும் மாணவர்களுக்காக நண்பர் தயாரிக்கும் கையேட்டின் சொற்பட்டியலைப் படித்தேன். சுழற்சி நேரம் (விளக்குகள் ஒரு முழுச் சுற்று வர ஆகும் நேரம்), பச்சைப் பங்கீடு (அந்தச் சுற்றில் ஒவ்வொரு திசைக்கும் கிடைக்கும் பச்சை) இரண்டும் அருமை. அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஒரு வரியில்தான் எனக்கு உடன்பாடில்லை.

> ஆஃப்செட் – ஈடுசெய்தல், எதிரீடு

இது கணக்குப்பதிவில் வரும் ஆஃப்செட். சிக்னலில் எதையும் எதனோடும் ஈடுகட்டுவதில்லை. ஒரு சந்திப்பில் பச்சை விழுந்து எத்தனை வினாடி கழித்து அடுத்த சந்திப்பில் பச்சை விழ வேண்டும் என்பதுதான் இங்கே ஆஃப்செட்.

இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அதைக் கடக்க 36 வினாடி ஆகும். இரண்டாவது சிக்னலை 36 வினாடி பிந்தித் தொடங்கினால் வண்டி நிற்காமல் போகும். சரி, எதிர்த்திசையில் வருபவர்? இரண்டாவது சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளம்பினால் அவர் 36 + 36 = 72-ஆவது வினாடியில் முதல் சந்திப்புக்கு வருவார். சுழற்சி 90 வினாடி என்றால் அங்கே அடுத்த பச்சை விழும்வரை 18 வினாடி சிவப்பில் நிற்பார். சுழற்சியை 72 ஆக்கினால் இருவருக்குமே பச்சை கிடைக்கும். ஆனால் நிஜச் சாலையில் சந்திப்புகள் ஒரே இடைவெளியில் அமைவதில்லை, எல்லா வண்டியும் ஒரே வேகத்தில் ஓடுவதுமில்லை. ஆகவே யாராவது ஒருவர் நிற்கத்தான் வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் தொழில்நுட்பம் கொள்கையாகிறது. கோபன்ஹேகனின் நோரெப்ரோ சாலையில் பச்சை அலையை (அடுத்தடுத்த சந்திப்புகளில் நிற்காமல் பச்சை கிடைக்கும் அமைப்பை) மிதிவண்டியின் வேகத்துக்கு, அதாவது மணிக்கு 20 கி.மீ.க்கு, அமைத்திருக்கிறார்கள். காலையில் நகருக்குள் போகிறவர்களுக்கு, மாலையில் வீடு திரும்புகிறவர்களுக்கு. அதே 400 மீட்டருக்கு அங்கே 72 வினாடி. விளக்கும் கம்பமும் அதேதான், ஓர் எண் மாறியதும் சாலை யாருக்கு என்பதே மாறிவிடுகிறது. நம் ஊரில் பேருந்துக்கு இப்படிச் செய்ய வேண்டுமானால் நிறுத்தத்தில் ஆள் ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இந்தப் பேச்சில் பொறியாளர் மட்டுமல்ல, மாநகராட்சி உறுப்பினரும் தெருவில் குடியிருப்பவரும் கலந்துகொள்ள வேண்டும். அவர்கள் வாயிலும் நுழைகிற சொல்லாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இந்த மடல் இழையில் மற்றவர்கள் முன்வைத்த சொற்களைப் பற்றி. ‘கட்ட வேறுபாடு’ இயற்பியல் பாடநூலில் உள்ளது, பொருளும் நெருக்கம். ஆனால் சிக்னலில் நேராகப் போகிறவர்களுக்கு ஒரு கட்டம், வலப்பக்கம் திரும்புகிறவர்களுக்கு ஒரு கட்டம் என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. ‘விலக்கம்’ புள்ளியியலுக்குப் போய்விட்டது. ‘தாமதம்’ கூடவே கூடாது. வண்டி சிக்னலில் இழக்கும் நேரத்துக்கு அதுதான் பெயர், எங்கள் அறிக்கைகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

என் முன்மொழிவு ‘பிந்தல்’. “இரண்டாம் சந்திப்பின் பிந்தல் 36 வினாடி” என்றால் யாருக்கும் புரியும். சில இடங்களில் அடுத்த சிக்னல் முந்திக்கொள்ள வேண்டியிருக்குமே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. சுழற்சி திரும்பத் திரும்ப வருவதால், 90 வினாடிச் சுழற்சியில் 10 வினாடி முந்துவதும் 80 வினாடி பிந்துவதும் ஒன்றுதான். ‘பிந்துநேரம்’ என்றும் யோசித்தேன். புள்ளியைக் குறிக்கும் ‘பிந்து’ குறுக்கே வருவதால் விட்டுவிட்டேன்.

அப்புறம், கையேட்டில் பிரிட்டனின் ‘ஸ்கூட்’ என்ற சிக்னல் கட்டுப்பாட்டு முறை பற்றிய பத்தி இருக்கிறது. பங்கீடு, சுழற்சி, ஆஃப்செட் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளும் அந்தப் பெயரிலேயே உள்ளன. சாலையில் பதித்த உணரிகள் வண்டிகளை எண்ண, அது இந்த மூன்றையும் சில வினாடிகள் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். “பங்கீடு, சுழற்சி, பிந்தல் ஆகியவற்றைச் செம்மையாக்கும் நுட்பம்” என்று அங்கே எழுதிப் பார்த்தேன், தடங்கலில்லாமல் உட்காருகிறது.

இலங்கை, சிங்கப்பூர் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கம் சாலைத் துறையில் இதற்கு வேறு சொல் ஏற்கெனவே புழங்கினால் சொல்லுங்கள். புதிதாக ஒன்றைத் திணிப்பதைவிட அதையே எடுத்துக்கொள்வதில் எனக்கு முழுச் சம்மதம்.

அன்புடன்,
சிக்னல் நேர அமைப்பில் பணிபுரியும் ஓர் உறுப்பினர்