தெற்கு டகோட்டா ஃபெசன்ட் வேட்டை: பொது நிலம், இரண்டு நாய், ஐந்து நாள். அக்டோபரா, டிசம்பரா?

தவிட்டுக்குருவி
வணக்கம். மினியாபொலிஸிலிருந்து இரண்டு பேர் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஏபர்டீன் பக்கம் ஃபெசன்ட் (கோழி இனக் காட்டுப் பறவை) வேட்டைக்குப் போகிறோம். காசு கட்டி நுழையும் பண்ணை வேண்டாம், பொது நிலம் மட்டும். நாய்கள்: ஒரு லாப்ரடார், பறவையை மோப்பம் பிடித்ததும் அசையாமல் நின்று காட்டும் ஒரு ஜெர்மன் ஷார்ட்ஹேர் பாயிண்டர். அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை, சீசன் திறக்கிற அன்றைக்கே தொடங்கலாம் என்கிறார் நண்பர். டிசம்பர் நடுவில் போனால் ஈ காக்கை இருக்காது என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

கோம்பை
திறப்பு நாள் வேண்டாம் தம்பி. அது வெளிமாநிலத்துக்காரனுக்குத்தான் திறப்பு நாள். முந்தைய வாரம் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் பொது நிலம் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் திறந்துவிடுவார்கள். நீங்கள் போய் இறங்கும்போது அங்கிருக்கிற ஃபெசன்ட் சேவலெல்லாம் வெடிச்சத்தம் கேட்டு உஷாராகியிருக்கும். பக்கத்து மக்காச்சோளம் அறுவடையாகாமல் நின்றால் இன்னும் மோசம். பறவை முழுக்க அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அது தனியார் வயல். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூவுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

செம்புல்
அண்ணே, அறுவடை தாமதமாகும் வருடங்களில் நீங்கள் சொல்வது நடக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்டோபரில் இருப்பதில் பெரும்பாலானவை அந்த வருடம் பொரித்த இளஞ்சேவல்கள். பாயிண்டர் நின்று காட்டினால் புல்லுக்குள் பதுங்கி நிற்கும், 15, 20 கஜத்தில் எழும்பும். டிசம்பரில் மிஞ்சியிருப்பது தப்பிப் பிழைத்த கில்லாடிகள் மட்டும்தான். நாய் நின்று காட்டும் நேரத்துக்குள் காலால் ஓடிப்போய்ப் புல்லின் மறுமுனையில் பறந்துவிடும். இவர்களிடம் இருக்கிற இரண்டில் ஒன்று பாயிண்டர் என்பதை மறக்க வேண்டாம்.

நேரக் கணக்கும் பாருங்கள். சுடுவது காலை 10 மணிக்குத்தான் தொடங்கலாம். அக்டோபர் மூன்றாம் வாரம் சூரியன் மறைய ஆறரைக்கு மேல் ஆகும். டிசம்பர் நடுவில் 5 மணிக்கு முன்பே இருட்டு. ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நஷ்டம்.

கோம்பை
அந்த இரண்டு மணி நேரத்தில் பாதி நாய் நிழலில் கிடக்கும். அக்டோபர் மதியம் 75 டிகிரி ஃபாரன்ஹீட் போகும் நாட்கள் உண்டு. ஆளுயரப் புல்லுக்குள் காற்றே கிடையாது. அங்கே கறுப்பு லாப்ரடாரை ஓட விட்டுப் பாருங்கள்.

டிசம்பரில் பறவையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பனி விழுந்ததும் மெல்லிய புல்லெல்லாம் படுத்துவிடும். காற்றுக்கு ஒதுங்க சம்பங்கோரை மண்டிய சதுப்புப் பள்ளத்தை விட்டால் அவற்றுக்கு வேறு இடமில்லை. நாற்பது ஏக்கரில் சிதறிக் கிடந்தது நாலு ஏக்கருக்குள் வந்துவிடும். வேட்டையாடும் முறை மட்டும் வேறு. வண்டியைக் கால் மைல் தள்ளி நிறுத்துங்கள். கதவை அறையக் கூடாது, விசில் கூடாது, நாயைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஒருவர் முதலில் சுற்றிப்போய்ப் பள்ளத்தின் முனையில், பறவை தப்பிக்கிற பக்கம் நிற்க வேண்டும். அவர் நின்று பத்து நிமிடம் ஆன பிறகு மற்றவர் லாப்ரடாரோடு காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நுழைய வேண்டும். நேர்கோட்டில் நடக்காதீர்கள். பத்தடி நடந்து நின்று, கோணலாகத் திரும்பி, மறுபடி நில்லுங்கள். நடை நின்றதும்தான் பதுங்கியிருக்கிற சேவலுக்குப் பொறுமை போகும். பாயிண்டர் அந்த நேரம் கூண்டில் இருக்கட்டும், ஓரப் புல்லுக்கு அதைப் பிறகு விடலாம். எதிரே ஆள் நிற்கிறார் என்பதால் ஒரே விதி: பறவைக்குப் பின்னால் வெறும் வானம் தெரிந்தால் மட்டும் சுடு. தாழப் பறந்தால் விட்டுவிடு.

செம்புல்
பள்ளத்தைப் பற்றிச் சொன்னீர்கள், பனிக்கட்டியைப் பற்றிச் சொல்லவில்லையே! கோரைக்குள் பனி மூடிக் கிடந்தால் அதுவே கம்பளி மாதிரி. கீழே தண்ணீர் கெட்டியாக உறையாது. வெளியே திறந்த இடத்தில் ஆள் நடக்கலாம், கோரை ஓரத்தில் பனிக்கட்டி உடைந்து நாயே தண்ணீருக்குள் போய்விடும். ஓடைவாய், ஊற்று, மஸ்க்ராட் என்கிற நீரெலி கட்டும் மேடு மூன்றின் பக்கமும் போகவே கூடாது.

சிப்பிப்பாறை
நாய் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். வெயில், குளிர் இரண்டிலும் நாய் சாகும், வழிதான் வேறு.

நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி. 106 தொட்டால் உயிருக்கே ஆபத்து. நாக்கு அகன்று கரண்டி மாதிரி தொங்கினால், கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், பின்னங்கால் தள்ளாடினால் வேட்டை அத்தோடு முடிந்தது. உடம்பு முழுக்க, முக்கியமாக வயிறு, தொடை இடுக்கில், தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 103க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு நேரே மருத்துவரிடம். நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் தண்ணீர் வண்டியிலேயே இருக்கட்டும். அக்டோபரில் அரை மணிக்கு ஒரு நாயாக மாற்றி விடுங்கள், இரண்டையும் சேர்த்து ஓட விடாதீர்கள்.

முழுத் தீனி ராத்திரி மட்டும். காலையில் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

நாய்க்கான முதலுதவிப் பெட்டியில்: நுனி மெல்லிய இடுக்கி இரண்டு (முள்ளம்பன்றி முள்ளை வெட்டாமல் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க), தோல் ஸ்டேப்ளர் (முள்கம்பி கிழிசலுக்கு), கண் கழுவ உப்புநீர், காலுறை, எஃகுக் கம்பியே அறுக்கிற நல்ல கட்டர். கடைசியாகச் சொன்னது நரிக்கு வைத்த சுருக்குக் கண்ணிக்கு. குளிர் ஏறினால் கண்ணி வைப்பவர்களும் களத்துக்கு வருவார்கள். தினமும் சாயங்காலம் விரலிடுக்கு, காது, அக்குள் தடவிப் பாருங்கள். தோலுக்குள் ஏறிய புல்லின் கூர்முனை முன்னால் மட்டும் நகரும், பின்னால் வராது. இன்றைக்கு விட்டால் பல வாரம் கழித்துச் சீழ் கட்டியாகத் தெரியும்.

அது சரி, இரண்டு பேரும் லைசன்ஸை மறந்துவிட்டீர்களா? வெளிமாநிலத்தவருக்கான சிறுவேட்டை லைசன்ஸ் ஒன்றில் தொடர்ந்து ஐந்து நாள் வீதம் இரண்டு தவணை உண்டு. ஒன்றை நவம்பர் முதல் வாரத்தில் வைத்தால் சோளம் பெரும்பாலும் அறுத்திருக்கும், வெயிலும் இருக்காது. இன்னொன்று டிசம்பர்.

செம்புல்
அக்கா, இரண்டு பயணம் என்றால் பெட்ரோலும் மோட்டலும் இரட்டிப்பு. ஆனால் நவம்பர் முதல் வாரம் நல்ல யோசனை, அதற்கு நான் இறங்கி வருகிறேன். திங்களில் தொடங்குங்கள், வெள்ளியோடு முடியும், வார இறுதிக் கூட்டமே குறுக்கிடாது. நன்றியறிதல் நாளுக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை, ஏபர்டீன் இருக்கிற மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் துப்பாக்கி மான் சீசன் தொடங்கும், அந்த இரண்டு வாரம் நாயோடு போகாதீர்கள். போனால் ஆளுக்கும் நாய்க்கும் பளிச்சென்ற ஆரஞ்சு.

தவிட்டுக்குருவி
அப்போது நவம்பர் முதல் வாரம், திங்கள் முதல். தோட்டா என்ன வாங்குவது? 6ஆம் எண் ஈய ரவைத் தோட்டா ஒரு பெட்டி பாக்கி இருக்கிறது.

கோம்பை
ஈயத்தை வீட்டில் வையுங்கள். டபிள்யூபிஏ என்கிற மத்திய அரசுப் புல்வெளிகளில் சுட்டால்தான் குற்றம் என்றில்லை, பையில் இருந்தாலே குற்றம். ஜிபிஏ என்கிற மாநில நிலத்திலும் ஸ்டீல் மாதிரி நச்சில்லாத ரவைதான். ஒரே நாளில் மூன்று வகை நிலத்தில் கால் வைப்பீர்கள், ஒவ்வொரு வேலியிலும் பையைக் கொட்டி மாற்ற முடியாது. 12 கேஜ் துப்பாக்கியில் ஈய 6க்குப் பதில் ஸ்டீல் 4 (எண் குறையக் குறைய ரவை பெரிது), டிசம்பருக்கு 3 அங்குலத் தோட்டாவில் ஸ்டீல் 3 அல்லது 2. ஸ்டீல் ஈயத்தை விட நெருக்கமாகப் போகும், அதனால் சோக் (குழல் வாயின் இறுக்கம்) ஒரு படி தளர்வாக. நவம்பருக்கு இம்ப்ரூவ்ட் சிலிண்டர் என்கிற தளர்ந்த சோக் போதும். பழைய துப்பாக்கி என்றால் ஸ்டீல் போடாதீர்கள், பிஸ்மத் வாங்குங்கள், விலை கண்ணைக் கட்டும்.

சிப்பிப்பாறை
வரைபடத்தில் குறைந்தது பதினைந்து இடம் குறித்து வையுங்கள், போனில் தரவிறக்கியும் வையுங்கள், அங்கே சிக்னல் நம்ப முடியாது. நிறுத்துமிடத்தில் வேறு வண்டி நின்றால் அடுத்த இடம் போய்விடுங்கள். 'வாக்-இன்' என்று பலகை உள்ள தனியார் குத்தகை நிலத்தில் நடந்து மட்டும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 சேவல், கைவசம் 15. பெட்டை சுட்டால் தண்டனை. உரித்தாலும் ஒரு கால், தலை, அல்லது இறகோடு ஒரு சிறகு ஒட்டியே இருக்க வேண்டும். இருவர் பறவைகளையும் ஒரே பையில் போட்டு உறையவைத்து ஒரே கட்டியாக்கிவிடாதீர்கள். வழியில் வார்டன் (வேட்டைச் சட்ட அதிகாரி) நிறுத்தினால் எது யாருடையது, எத்தனை என்று எண்ணிக் காட்ட முடியாது. ஆளுக்கு ஒரு ஐஸ் பெட்டி.

செம்புல்
கோம்பை அண்ணே, நவம்பரில் பாயிண்டரைக் கூண்டில் வைக்கச் சொல்ல மாட்டீர்களே?

கோம்பை
நவம்பரில் அது முன்னால் ஓடட்டும், நூறு கஜத்துக்குள். கழுத்தில் ஜிபிஎஸ் இருந்தால் நூற்றைம்பது. டிசம்பரில் நான் சொன்னது சொன்னதுதான்.