மாதம் 1,500 கி.மீ. ஓட்டத்துக்கு எந்த வண்டி? பெட்ரோலா, சி.என்.ஜி.யா, பழைய டீசலா?

மறைமலைநகர்வாசி:
வணக்கம். வீட்டில் அம்மாவோடு சேர்த்து ஐந்து பேர். வாரம் நான்கு நாள் மறைமலை நகரிலிருந்து கிண்டிக்குப் போய்வர 70 கி.மீ., அதில் பெருங்களத்தூர் முதல் பல்லாவரம் வரை ஊர்ந்துதான் போக வேண்டும். வருடத்துக்கு மூன்று முறை குடும்பத்தோடு திருநெல்வேலி. எல்லாம் சேர்த்து மாதம் 1,500 கி.மீ. வரும். ஆன்-ரோடு (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து) 10 லட்சத்துக்குள், ஏழெட்டு வருடம் வைத்திருப்பேன். வேகன்ஆர் சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை எரிவாயு), ஸ்விஃப்ட் பெட்ரோல், நல்ல நிலையில் ஒரு பழைய டீசல், இந்த மூன்றும் மனதில் இருக்கின்றன. ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது) வாங்கு என்றும் சிலர் சொல்கிறார்கள். மாதச் செலவு குறைய வேண்டும், அதுதான் முக்கியம்.

கணக்குப்பிள்ளை:
கம்பெனி சொல்லும் மைலேஜை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி, ஏசியை அணைத்து, 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் எடுக்கும் எண். வேகன்ஆர் சி.என்.ஜி.க்கு ஒரு கிலோவுக்கு 34.05 கி.மீ. என்று போட்டிருப்பார்கள். உங்கள் வழித்தடத்தில் ஏசியோடு 25 வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட் பெட்ரோல் மேனுவலுக்கு 24.80 என்றால் 17 வையுங்கள்.

பெட்ரோல் லிட்டர் 101, சி.என்.ஜி. கிலோ 91 ரூபாய் என்று வைப்போம். வாங்கும் நாளின் விலையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பெட்ரோலில் கி.மீ.க்கு 5.94 ரூபாய், சி.என்.ஜி.யில் 3.64. வித்தியாசம் 2.30. மாதம் 1,500 கி.மீ.க்கு 3,450 ரூபாய் மிச்சம். ஒரே மாடலில் சி.என்.ஜி.க்குக் கூடுதலாக 95,000 கேட்டால், 13 சதவீத சாலை வரியும் சேர்ந்து ஏறக்குறைய 1,07,000. அது 31 மாதத்தில் திரும்பிவிடும். நீங்கள் ஏழு வருடம் வைத்திருப்பதால் தாராளமாகக் கட்டுப்படியாகும். இதே வண்டி மாதம் 600 கி.மீ. மட்டும் ஓடினால் ஆறரை வருடம் ஆகும். அவர்களுக்குப் பெட்ரோலே போதும்.

வேரியன்ட் தேர்வு செய்யும்போது வரியையும் பாருங்கள். தமிழ்நாட்டில் வண்டி விலை 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், தாண்டினால் 18. 9.9 லட்சம் வண்டிக்கும் 10.1 லட்சம் வண்டிக்கும் வரியில் மட்டும் 50,000க்கு மேல் வித்தியாசம் வரும். சன்ரூஃபுக்காக அந்தக் கோட்டைத் தாண்டினால் ஒன்றேகால் வருட எரிபொருள் மிச்சம் அப்படியே போய்விடும்.

கேஸ்கேட்:
கணக்கு சரி. ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் வழியில் உள்ள சி.என்.ஜி. பங்க்குகளைப் போய்ப் பாருங்கள். பைப்பில் கேஸ் வருகிறதா, லாரியில் சிலிண்டர் அடுக்கு வருகிறதா என்று கேளுங்கள். லாரியில் வரும் இடத்தில், அடுக்கு காலியாகக் காலியாக அழுத்தம் இறங்கும். 200 பார் (அழுத்தத்தின் அலகு) வர வேண்டிய இடத்தில் 150 பாரிலேயே நின்றுவிடும். 60 லிட்டர் சிலிண்டரில் 8 கிலோ பிடிக்கும் வண்டிக்கு 6 கிலோதான் ஏறும். அதாவது 200 கி.மீ.க்குப் பதில் 150 கி.மீ. நீங்கள் இரண்டு நாளைக்கொரு முறை வரிசையில் நிற்க வேண்டிவரும். நிரப்பும்போது டிஸ்பென்சர் மீட்டரில் கிலோவோடு பார் எண்ணையும் பாருங்கள். எல்லோரும் வண்டியை விட்டு இறங்கி நிற்பது கட்டாயம், அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சி.என்.ஜி. என்றாலும் பெட்ரோல் டேங்க்கைக் காயவிடக் கூடாது. மாருதி வண்டிகள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, எஞ்சின் சூடானதும்தான் கேஸுக்கு மாறும். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கித்தான் குளிர்கிறது. எப்போதும் கால் டேங்க் இருக்கட்டும். வாரம் ஒருநாள் பத்துப் பதினைந்து கி.மீ. பெட்ரோலில் ஓட்டினால் இன்ஜெக்டர் அடைக்காது. ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் தள்ளிப்போடாதீர்கள், கேஸில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியாமல் எஞ்சின் திணறுவது) முதலில் அங்கேதான் தொடங்கும். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) செய்து சான்றிதழ் வாங்க வேண்டும்.

இழுவை குறையும். வேகன்ஆர் 1.0 எஞ்சின் பெட்ரோலில் 67 பி.எஸ். (குதிரைத்திறன்), கேஸில் 57. ஐந்து பேரோடு மேம்பாலம் ஏறும்போது ஒரு கியர் இறக்க வேண்டியிருக்கும். டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, கேஸில் வைத்து, ஏசி போட்டு ஓட்டிப் பாருங்கள். ஷோரூம்காரர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்த டெஸ்ட் டிரைவ் எதையும் காட்டாது.

மறைமலைநகர்வாசி:
மிக்க நன்றி. திருநெல்வேலி போகும்போது ஐந்து பேர் சாமானை எங்கே வைப்பது? பெட்ரோல் வண்டி வாங்கி வெளியில் சி.என்.ஜி. கிட் போட்டால் மலிவு என்கிறார்களே?

கேஸ்கேட்:
வேகன்ஆரில் சிலிண்டர் டிக்கியை அடைத்துவிடும், மடிக்கக்கூடிய சின்னப் பைகள்தான் போகும். சாமான் முக்கியமென்றால் டாடா பஞ்ச் சி.என்.ஜி.யைப் பாருங்கள். இரண்டு 30 லிட்டர் சிலிண்டர்களைக் கீழே படுக்கவைத்திருப்பதால் 210 லிட்டர் இடம் மிஞ்சும். அறிவித்த மைலேஜ் 26.99தான், நெரிசலில் 20 வைத்தால் கி.மீ.க்கு 4.55 ரூபாய். இடத்துக்காக மாதம் 1,365 ரூபாய் கூடக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். நெரிசலில் கிளட்ச் மிதிப்பது சிரமமென்றால் டியாகோ சி.என்.ஜி.யில் ஏ.எம்.டி. (கிளட்ச் மிதிக்காமல் கியர் தானாக மாறும் அமைப்பு) உண்டு, ஆனால் பின்சீட்டில் மூன்று பேருக்கு நெருக்கம். வண்டி மேல் கேரியர் மாட்டினால் ஊர் திரும்பியதும் கழற்றிவிடுங்கள். காற்றை எதிர்த்தே எரிபொருள் வீணாகும்.

புது வண்டிக்கு வெளிக் கிட் வேண்டவே வேண்டாம். எஞ்சின் வாரண்டிக்குச் சிக்கல். ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்ற வேண்டும், இன்சூரன்சிலும் கிட்டைச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால் விபத்து கிளெய்மில் கைவிரித்துவிடுவார்கள்.

டீசல்_மெக்கானிக்:
பழைய டீசல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பி.எஸ். 6 (புகை அளவுக்கான அரசு விதி) டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க, நிற்காமல் 15, 20 நிமிடம் 60 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். காலை எட்டரை மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் அது நடக்காது. பாதி எரியும்போது வண்டியை அணைத்தால், அதற்காகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும், டீசல் வாடை அடிக்கும். பழைய வண்டியில் அப்படிக் கண்டால் பேரமே பேச வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். டி.பி.எஃப். மாற்றும் செலவு சில வருட மிச்சத்தை விழுங்கும்.

ஸ்ட்ராங் ஹைபிரிட் நெரிசலில் அற்புதமாகக் கொடுக்கும், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பேட்டரி ஏறும். ஆனால் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் எதுவும் உங்கள் பட்ஜெட்டுக்குள் வராது. அந்தக் கூடுதல் விலையை எரிபொருளில் மீட்க 1,500 கி.மீ. ஓட்டம் போதாது.

டேங்க்_டு_டேங்க்:
எது வாங்கினாலும் டிஸ்பிளே காட்டும் மைலேஜை அப்படியே நம்பாதீர்கள். பெட்ரோலில் ஆட்டோ கட் ஆகும்வரை (பங்க் குழாய் தானாக நிற்கும்வரை) போட்டு, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அரை டேங்க்காவது ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி ஆட்டோ கட் வரை போடுங்கள். ரூபாயை முழுசாக்க மேலே மேலே ஊற்ற விடாதீர்கள். கி.மீ.யை லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும். சி.என்.ஜி.யில் நிரப்பும் அழுத்தம் மாறுவதால் நான்கைந்து பில்லின் கிலோவைக் கூட்டிக் கணக்கிடுங்கள்.

பழைய பெட்ரோல் வண்டி பக்கம் மனம் போனால், 2023 ஏப்ரலுக்கு முந்தையதா என்று பாருங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அதற்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் இதற்கேற்ப வடிவமைத்தவை அல்ல. எத்தனாலில் ஆற்றல் குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. ரப்பர் பைப்புகளும் கேஸ்கெட்டும் சீக்கிரம் கெடலாம்.

டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி பிடியுங்கள். திருநெல்வேலி போகும் நாளில் முழுப் பாரத்துக்கான அளவு. சர்வீஸில் மேனுவலில் உள்ள ஆயில் கிரேடைத்தான் ஊற்றுகிறார்களா என்று பில்லில் பாருங்கள். மெல்லிய ஆயில் கேட்கும் எஞ்சினுக்குக் கெட்டியான ஆயில் ஊற்றினால் மைலேஜ் இறங்கும்.