ரேடியேட்டருக்குச் ‘சூடாற்றி’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களை வீட்டிலேயே பழுதுபார்ப்பது பற்றி எழுதிவரும் கையேட்டில், என்ஜினைச் சுற்றி வரும் நீரின் சூட்டைக் குறைக்கும் ரேடியேட்டரைக் கழற்றும் பகுதி, அந்த உறுப்புக்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் ஒரு வாரமாக அப்படியே கிடக்கிறது. அந்தச் சொல்லைப் பற்றி இதுவரை வந்த மடல்களில் ‘கதிர்வீசி’, ‘வெப்பாற்றி’ என்ற இரண்டும் வந்தன. ரேடியேட்டர் என்றே விட்டுவிடலாம் என்றும் இருவர் எழுதியிருந்தார்கள். நான் ‘சூடாற்றி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை செய்த வேலையிலிருந்து தொடங்கினால் காரணம் விளங்கும்.

எங்கள் வீட்டில் இருப்பது 1984ஆம் ஆண்டு அம்பாசடர், மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் வண்டி. ரேடியேட்டரின் அடித்தொட்டியில் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில்தான் மூடியில் கை வைத்தேன். சூடான வண்டியில் மூடியைத் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் நிற்கும் நீர் சட்டென்று ஆவியாகி முகத்தில் அடிக்கும். சாக்கைப் போட்டுத் திறக்கலாம் என்பார்கள், கேட்காதீர்கள்.

அடியில் அகலமான பேசினை வைத்துக் குழாயைத் திறந்து வடித்தேன். இந்த வண்டியில் என்ஜின் பிளாக்கிலும் ஒரு வடிகுழாய் உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வந்த நீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. கூலன்ட் (என்ஜின் சூட்டைத் தணிக்க நீரோடு சேர்க்கும் திரவம்) கலந்த நீரைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றக்கூடாது. எத்திலீன் கிளைகால் என்ற வேதிப்பொருள் சேர்ந்த கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் உயிர் போய்விடும். மூடி போட்ட கேனில் பிடித்து வைத்தேன்.

அப்புறம் மேல் ஓஸ், கீழ் ஓஸ் என்ற இரண்டு ரப்பர் குழாய்கள். கீழ் ஓஸ் பித்தளைக் கழுத்தோடு ஒட்டிக்கிடந்தது. திருப்புளியை உள்ளே விட்டு நெம்பினால் கழுத்து நெளிந்துவிடும், பிறகு புது ஓஸ் போட்டாலும் ஒழுகும். அதனால் ஓஸை நீளவாக்கில் பிளேடால் கீறித்தான் பிரித்தேன். கழுத்தைச் சுற்றி வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியது போல உப்பு படிந்திருந்தது. எங்கள் போர்வெல் தண்ணீரின் வேலை அது. பக்கவாட்டு போல்ட்டுகளைக் கழற்றி, விசிறியின் இறக்கையில் இடிக்காமல் நேர்மேலே தூக்கினேன். வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது தகடுகளுக்கு நடுவே வேப்பம்பூவும் ஈசலின் சிறகும் அடைத்திருந்தன. பாதி இடத்தில் வெளிச்சமே ஊடுருவவில்லை.

அந்தத் தகடுகளைப் பார்த்தபோதுதான் ‘கதிர்வீசி’ பொருந்தாது என்று உறுதியாகத் தோன்றியது. மூலச்சொல்லின் நேர்ப்பொருள் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் காரில் இந்த உறுப்பு கதிர் வீசிச் சூட்டை இழப்பது சிறு பங்குதான். தகடுகளின் ஊடே ஓடும் காற்றுதான் சூட்டில் பெரும்பகுதியை எடுத்துப் போகிறது. மின்விசிறி நின்றுபோன கார் சிக்னலில் கொதிக்கும், சாலையில் ஓடத் தொடங்கியதும் சூடு காட்டும் முள் கீழே இறங்கும். காற்று படாமல் இருந்தால் இது சும்மா ஒரு சூடான பெட்டி. ‘கதிர்வீசி’யைத் தூக்கி எறியவும் வேண்டாம். காற்றே இல்லாத வெளியில் இருக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையம் பெரிய பலகைகளை விரித்து, கதிர் வீசித்தான் தன் சூட்டைக் கழிக்கிறது. அந்தப் பலகைக்கு ‘கதிர்வீசி’ அப்படியே பொருந்தும். குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு இன்னொரு சொல் வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்று நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்?

சரி, ‘ஆற்றுதல்’ என்ன செய்கிறது? டீக்கடையில் மாஸ்டர் கிளாஸுக்கும் குவளைக்கும் நடுவே ஒரு முழத்துக்கு இழுத்து ஆற்றுகிறார். திரளாக இருந்த டீ மெல்லிய தாரையாகிறது, அதிகப் பரப்பில் காற்று படுகிறது, சூடு போகிறது. ரேடியேட்டரும் இதையே செய்கிறது. என்ஜினிலிருந்து வரும் நீரை மெல்லிய குழல்களில் பிரித்து, தகடுகளால் பரப்பைப் பெருக்கிக் காற்றிடம் காட்டுகிறது. நீர் சிந்தாமல், மூடிய குழலுக்குள்ளேயே இது நடக்கிறது என்பதுதான் வேறுபாடு. ‘குளிர்விப்பான்’ என்றால் ஃபிரிட்ஜ் நினைவு வரும். ‘ஆற்று’ என்பது கொதிப்பைத் தணிப்பது, சில்லென்று ஆக்குவது இல்லை. என்ஜினுக்கும் வேண்டியது அவ்வளவுதான்.

அப்படியானால் ‘வெப்பாற்றி’யே போதாதா என்று கேட்கலாம். ‘வெப்ப ஆற்றல்’ என்று பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளை அதைச் சூட்டைத் தரும் கருவி என்று எடுத்துக்கொள்ளும். ‘நீராற்றி’ என்றால் நீராட்டுவது போல ஒலிக்கிறது. ‘சூடு ஆறட்டும்’, ‘சூடாற்றிக் குடி’ என்று தினமும் வாயில் வருவதால் ‘சூடாற்றி’யை விளக்கவே வேண்டாம். ‘-இ’ விகுதியும் மண்வெட்டி, வடிகட்டி போலக் கருவிக்கு இயல்பானது.

இரு சொல் சேரும் புணர்ச்சி விதி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சூடு என்பது நெடில்தொடர்க் குற்றியலுகரம் (நெடிலை அடுத்துக் குறுகி ஒலிக்கும் உகரம்), வேற்றுமையில் ‘ட்’ இரட்டித்துச் ‘சூட்டாற்றி’ என்றுதானே வர வேண்டும் என்று. பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் நாட்டை ஆளும் மன்றத்தை ‘நாட்டாளுமன்றம்’ என்று நாம் சொல்வதில்லை, ‘நாடாளுமன்றம்’ என்கிறோம். ‘ஐ’ உருபு மறைந்து நிற்கும் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வினை வந்து சேரும்போது இரட்டிக்காத வழக்கு அது. ‘சூடாற்றி’ அதன் பக்கம் நிற்கிறது.

கூடவே ஒரு வேண்டுகோள். கையேடுகளில் ‘ரேடியேட்டரை நீக்கவும்’ என்று எழுதுவதை விட்டுவிடுவோம். நீக்கினால் அது திரும்பி வராது. பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘கழற்று’ என்பார்கள், ‘மாட்டு’ அதற்கு இணை. அதேபோல நீரை ‘வெளியேற்றுவதை’ விட வடிப்பது நல்லது, சோறு வடிப்பது போல. உள்ளே நீர் விட்டுச் சுத்தம் செய்வதற்கு ‘அலசுதல்’ இருக்கிறது.

எனக்கு இன்னும் பிடிபடாதது கூலன்ட். ‘ஆற்றுநீர்’ என்றால் காவிரி ஞாபகம் வந்துவிடும். ‘குளிர்மம்’ என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் ஓடும் வண்டியில் அது கொதிநிலையை ஒட்டிய சூட்டில் இருக்கும். என்ஜினிடம் சூட்டை வாங்கிச் சூடாற்றியிடம் இறக்கிவைப்பதால் ‘சூடேந்தி’ என்று ஒரு நாள் குறித்து வைத்தேன். பாத்திரத்தின் பெயர் போல ஒலிப்பதால் மனம் ஒப்பவில்லை. உங்கள் ஊர்ப் பட்டறைகளில் இதற்கு வேறு ஏதாவது சொல் காதில் விழுந்திருந்தால், எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.