பழைய சென்னையைப் பார்க்க வருகிறவர் எங்கே தங்குவது?

வல்லிக்கேணியான்: "மயிலாப்பூரில் ரூம் போடுங்கள், பழைய சென்னை முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம்" என்று மதுரைக்காரர் ஒருவருக்கு இங்கே 'மாடவீதி' என்ற பெயரில் எழுதுகிறவர் நேற்று யோசனை சொல்லியிருக்கிறார். வயசான அம்மா அப்பாவோடு மே மாதத்தில் வருகிறவரிடம் சொல்கிற பேச்சா இது? மயிலாப்பூர் தெப்பக்குளத்திலிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டை 5 கிலோமீட்டருக்கு மேல். நடப்பீர்களா? திருவல்லிக்கேணியில் தங்கட்டும். காலையில் பார்த்தசாரதி கோயில், அப்புறம் 1795இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளி சேப்பாக்கம் மாளிகை. அது நடை.

மாடவீதி: கபாலி கோயில், லஸ் மாதா கோயில், சாந்தோம் எல்லாம் நடக்கிற தூரம்தான். லஸ் கோயில் 1516இல் வந்தது. கோட்டைக்கு இடம் வாங்கியதே 1639இல். சம்பந்தர் பாடிய ஊர் மயிலை, தெரியுமல்லவா?

வல்லிக்கேணியான்: திருமங்கையாழ்வார் எங்கள் ஊரைப் பாடவில்லையா? தந்திவர்ம பல்லவன் கல்வெட்டு எங்கள் கோயிலில் இல்லையா? ஊரின் வயசை யார் கேட்டார்கள்? கோட்டைக்கு நடந்து போவீர்களா, மாட்டீர்களா?

ரயிலடி: மதுரை வண்டி எழும்பூருக்குத்தானே வருகிறது? அங்கேயே தங்கலாமே. மியூசியம் பக்கத்தில். மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் ஹைகோர்ட் ஸ்டேஷன், அங்கிருந்து கோட்டை கிட்டத்தான்.

மாடவீதி: திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டை ஸ்டேஷனிலேயே இறங்கலாம்.

வல்லிக்கேணியான்: ஆக, ரயில். நடை இல்லை. அதே ரயில் திருவல்லிக்கேணியிலும் நிற்கிறது, கோட்டைக்கு இன்னும் பக்கத்தில்.

மாடவீதி: குடும்பத்தை உங்கள் ஊர் மேன்ஷனில், தனி ஆண்கள் தங்குகிற விடுதியில், தங்க வைக்கப் போகிறீர்களா? வராந்தா முழுக்க லுங்கி காயும், பத்து ரூமுக்கு ஒரு குளியலறை.

வல்லிக்கேணியான்: மேன்ஷனில் தங்கச் சொன்னது யார்? குடும்பத்துக்கென்று லாட்ஜ்கள் இருக்கின்றன. ஆனால் மேன்ஷனை இளக்காரமாகப் பேசாதீர்கள். கையில் ஒரு பெட்டியோடு வேலை தேடி வந்தவர்களுக்கு இந்த ஊரில் கதவைத் திறந்தது அதுதான். என் சித்தப்பா அங்கே தங்கித்தான் பரீட்சைக்குப் படித்தார். போன தடவை எங்கள் டிபனைக் குறை சொன்னீர்கள், இப்போது மேன்ஷன்.

மாடவீதி: டிபன் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

ரயிலடி: கோட்டை மியூசியம் வெள்ளிக்கிழமை திறக்காது. அந்த மதுரைக்காரரிடம் யாராவது சொன்னீர்களா?

வல்லிக்கேணியான்: அதை அப்புறம் பார்ப்போம். நடந்து போவாரா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மாடவீதி: பதில் மேலேயே இருக்கிறது. போய்ப் படியுங்கள்.

வல்லிக்கேணியான்: படித்தேன். ரயில் என்றுதான் எழுதியிருக்கிறது.